மூன்று மணி ஆட்டம், நான்கு மணி டிவி: ரக்பி லீக் ரசிகர்கள் சேனலைத் திட்டுவது ஏன்?

சிட்னியின் மேற்கே பெண்டில் ஹில்லில் நான் குடியேறிய புதிதில், பக்கத்து வீட்டில் வயதான தம்பதி ஒன்று இருந்தது. இருவருமே பாரமட்டா ஈல்ஸ் அணிக்கு உயிரை விடுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி அடித்தால் பெரியவர் கராஜுக்குள் போய் ரேடியோவைப் போட்டுவிடுவார். அந்த அம்மா வீட்டுக்குள் டிவி முன்னால் உட்காருவார். ஆனால் நான்கு மணிக்குத்தான். இருவரும் பின்தொடர்வது ஒரே ஆட்டம். அவருக்கு அது மூன்று மணிக்குத் தொடங்கும், அவருடைய மனைவிக்கு நான்கு மணிக்குத் தொடங்கும்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் ரேடியோவில் ஆட்டம் முடிந்துவிடும். டிவியில் அப்போதுதான் இடைவேளை வந்திருக்கும். பெரியவர் வாயைத் திறக்காமல் உள்ளே வந்து உட்கார வேண்டும், அதுதான் வீட்டுச் சட்டம். "அவர் பேசாவிட்டால் என்ன, கராஜ் கதவைச் சாத்துகிற சத்தத்திலேயே எனக்கு ஸ்கோர் தெரிந்துவிடும்" என்பார் அந்த அம்மா.

எனக்கு அப்போது இந்த விளையாட்டில் அ, ஆ கூடத் தெரியாது. உள்ளூரிலேயே நடக்கிற ஆட்டத்தை ஏன் ஒரு மணி நேரம் கழித்துக் காட்டுகிறார்கள் என்று பெரியவரிடம் கேட்டேன். "நியூஸுக்காக" என்றார். அவ்வளவுதான் பதில். அந்த ஒரு சொல் எனக்கு முழுசாகப் புரியச் சில வருடங்கள் பிடித்தன. ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ரசிகர் ஒருவரோடு பத்து நிமிடம் பேசினால், அதில் ஐந்து நிமிடம் டிவியைத் திட்டுவதிலேயே போகும். ஏன் இத்தனை கோபம் என்று புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் குழம்புவார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். ரக்பியில் இரண்டு வகை உண்டு. 1895-இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் இருக்கும் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்குப் பகுதிக் கிளப்புகள் கூடி, பழைய ரக்பி அமைப்பிலிருந்து பிரிந்தன. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை ஈடுகட்டலாமா கூடாதா என்பதுதான் சண்டை. பிரிந்துபோன பக்கம்தான் பிறகு ரக்பி லீக் ஆனது. ஒரு பக்கத்துக்கு 13 பேர், பாதிக்கு 40 நிமிடமாக மொத்தம் 80 நிமிடம். சிட்னியில் 1908-இல் போட்டித் தொடர் ஆரம்பித்தது. இன்று அதற்கு என்.ஆர்.எல். (நேஷனல் ரக்பி லீக்) என்று பெயர். நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து ஆகிய இரண்டு மாநிலங்களில்தான் இதற்கு உயிர் இருக்கிறது. மெல்பர்னுக்குப் போனால் கதையே வேறு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

விதிகள் இப்போதைக்கு இவ்வளவு போதும். பந்து வைத்திருப்பவரைப் பிடித்துக் கீழே சாய்த்தால் அது ஒரு டேக்கிள். விழுந்தவர் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டுவார். ஆட்டம் உடனே தொடரும். ஒரு அணிக்கு ஆறு டேக்கிள் வரைதான் பந்து, அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் 'ட்ரை', அதற்கு 4 புள்ளி. அதையடுத்துக் கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து அனுப்பினால் இன்னும் 2.

இப்போது இதே ஆட்டத்தை விளம்பரம் விற்கிறவரின் கண்ணால் பாருங்கள். கிரிக்கெட் அவருக்குத் தங்கச் சுரங்கம். ஆறு பந்துக்கு ஒரு முறை ஆட்டமே தானாக நின்று வழிவிடுகிறது. விக்கெட் விழுந்தால் இன்னொன்று, தண்ணீர் குடிக்க நின்றால் இன்னொன்று. அப்படியிருந்தும் ஓவரின் கடைசிப் பந்து கயிற்றைத் தொடும் முன்பே சிமெண்ட் விளம்பரம் பாய்ந்து வந்து நம்மைக் கடுப்பேற்றியிருக்கிறது. ரக்பி லீக்கில் அந்த வசதியே கிடையாது. ஒருவர் விழுகிறார், சில நொடியில் எழுகிறார், ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ட்ரை விழுந்த பிறகுதான் மூச்சு விட ஒரு இடம் கிடைக்கிறது. உதைப்பவர் பந்தை அதற்கான தாங்கியில் வைப்பார், நான்கடி பின்னால் போவார், கம்பத்தைப் பார்ப்பார், பந்தைப் பார்ப்பார், மறுபடி கம்பத்தைப் பார்ப்பார். விளம்பரத்துக்கு இருக்கிற சந்து இதுதான்.

ஆனால் ரசிகனுக்கும் அந்த ஒரு நிமிடம்தான் வேண்டும். கடைசிப் பாஸ் முன்பக்கம் போனதா? (ரக்பியில் பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது.) மூலையில் பாய்ந்தவரின் கால் கோட்டில் பட்டதா? அதை இன்னொரு முறை போட்டுக் காட்டுவார்கள் என்று சோபாவின் நுனிக்கு வந்து உட்கார்ந்திருப்பான். திரையில் ஒரு வண்டி சேற்றில் ஏறிக்கொண்டிருக்கும். உதைக்கு இரண்டு நொடி முன்னால் திரும்பி வருவார்கள்.

நேரலையில் சேனலுக்குக் கிடைக்கிற சந்து இவ்வளவுதான். தாமதமாகப் போட்டால்? ஆட்டம் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் விளம்பரம். ஸ்க்ரம்முக்கு (இரு அணியினரும் தோளோடு தோள் கோத்து நின்று ஆட்டத்தை மறுபடி தொடங்குவது) ஆட்கள் கூடுகிறார்களா, இன்னொன்று. பதிவு காத்திருக்கும், ஒரு டேக்கிளும் தவறிப்போகாது. நேரம் போதவில்லை என்றால் ஆட்டமில்லாத நிமிடங்களை நறுக்கியும் விடலாம். ஆக, ஒரு மணி நேரத் தாமதம் என்பது சோம்பேறித்தனமோ அலட்சியமோ அல்ல. ஒழுங்காக நிற்காத ஒரு ஆட்டத்தை நிற்க வைக்கிற உபாயம் அது.

இதோடு பெரியவர் சொன்ன நியூஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் இலவசச் சேனல்களுக்குள் நடக்கிற பெரிய போட்டி மாலை ஆறு மணிச் செய்தியில்தான். செய்திக்கு முன்னால் எந்த நிகழ்ச்சிக்குக் கூட்டம் இருக்கிறதோ, அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி ரிமோட்டைத் தொடச் சோம்பல்பட்டு அதே சேனலில் செய்தியும் பார்க்கும். மூன்று மணி ஆட்டத்தை நேரலையில் காட்டினால் ஐந்துக்கு முன்பே கூட்டம் எழுந்து போய்விடும். நான்கு மணிக்கு ஆரம்பித்து, விளம்பரங்களையும் செருகி ஓட்டினால் கச்சிதமாக ஆறு மணியில் கொண்டுபோய் இறக்கிவிடலாம். பாரமட்டா ஈல்ஸ், செய்திக்கு ஆள் பிடித்துத் தருகிற வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

குத்தகைக் கணக்கு

இதற்கெல்லாம் அடியில் இருப்பது 'ஒளிபரப்பு உரிமை' என்கிற விஷயம். புரிந்துகொள்ள ஊரில் மாந்தோப்பைக் குத்தகைக்கு விடுவதை நினைத்துக்கொண்டால் போதும். தோப்புக்காரர் பருவத்துக்கு முன்பே மொத்த மகசூலுக்கும் ஒரு தொகை வாங்கிக்கொள்வார். அதன்பின் எப்போது பறிப்பது, எதை எந்தச் சந்தைக்கு அனுப்புவது என்பதெல்லாம் குத்தகைக்காரர் பாடு. விளையாட்டை நடத்தும் அமைப்புதான் தோப்புக்காரர். சேனல்தான் குத்தகைக்காரர். சரி, பழம் வாங்குகிறவர் ரசிகரா என்றால், அங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். இலவசச் சேனலுக்குக் காசு கொடுப்பவர் விளம்பரதாரர். அவர் வாங்குவது ஆட்டத்தை அல்ல, ஆட்டத்தைப் பார்க்கிற கண்களை. சந்தைக்குப் போகிற கூடையில் இருப்பது நாம்தான்.

இந்தக் குத்தகையின் தொகை எப்படி ஏறியது என்று பார்த்தால் தலை சுற்றும். 1967-இல் சவுத் சிட்னி, கேன்டர்பரி அணிகள் மோதிய இறுதி ஆட்டம்தான் ஆஸ்திரேலியாவில் எந்த ஃபுட்பால் வகையிலும் (அங்கே ரக்பியும் ஃபுட்பால்தான்) நேரலையில் காட்டப்பட்ட முதல் இறுதி ஆட்டம். இலவசச் சேனலான சேனல் நைன் அதற்குக் கொடுத்தது 5,000 டாலர். 2012-இல் அதே சேனலும் கட்டணச் சேனலான ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸும் சேர்ந்து, 2013 முதல் 2017 வரையிலான ஐந்து பருவங்களுக்கு ஒப்புக்கொண்டது 102.5 கோடி டாலர். அதற்கடுத்த ஐந்து வருடத்துக்கு ஏறத்தாழ 180 கோடி. டிக்கெட் காசை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஒரு கிளப்பும் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. ஆகவே கோபத்திலும் ஒரு நியாயம் வைத்துக்கொள்ள வேண்டும்: ரசிகர் திட்டுகிற சேனலின் காசில்தான் ரசிகர் கொண்டாடுகிற வீரர் ஓடுகிறார்.

வெள்ளிக்கிழமை இரவின் கூத்து

ஞாயிறாவது ஒரு மணி நேரத் தாமதம். வெள்ளிக்கிழமை இரவு இன்னும் விசித்திரம். சேனல் நைன் கையில் அன்றைக்கு இரண்டு ஆட்டங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெவ்வேறு ஊர்களில் நடக்கும். சிட்னிக்காரர்களுக்கு சிட்னி அணி ஆடுவது முதலில் நேரலை. அது முடிந்து ஒன்பதரை மணிவாக்கில் மற்ற ஆட்டத்தின் பதிவு. குயின்ஸ்லாந்தின் தலைநகர் பிரிஸ்பேனில் இதைத் தலைகீழாக்கிப் போடுவார்கள். அங்கே உள்ளூர் அணியான பிராங்கோஸ் ஆட்டம் முதலில், மற்றது பின்னால்.

சேனல் பக்கமிருந்து பார்த்தால் கெட்டிக்காரத்தனம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் பிள்ளையை முதலில் காட்டியாயிற்று, ஒரே ராத்திரியில் நாலு மணி நேரச் சரக்கும் கிடைத்தாயிற்று. ஆனால் சிட்னியில் இருக்கிற பிராங்கோஸ் ரசிகனின் நிலையைப் பாருங்கள். ஒன்பதேகாலுக்கு அவன் அணியின் ஆட்டம் முடிந்தே போயிருக்கும். ஒன்பதரைக்கு அது டிவியில் ஆரம்பிக்கும். முடியும்போது நள்ளிரவை நெருங்கிவிடும். நடுவில் ஒரு குறுஞ்செய்தி வந்துவிடக் கூடாது, மச்சான் போன் பண்ணிவிடக் கூடாது. இணையம் கைப்பேசிக்குள் வந்த பிறகு இது நடக்கிற காரியமா?

போதாக்குறைக்கு, எந்த ஆட்டம் வெள்ளிக்கிழமைக்கு என்று பொறுக்குகிற உரிமையும் சேனலிடம் இருந்தது. குயின்ஸ்லாந்தில் பிராங்கோஸ் ஆடினால் பார்வையாளர் எண்ணிக்கை நிச்சயம் என்பதால் வாரா வாரம் பிராங்கோஸ். பார்வையாளர் குறைந்த சின்ன அணிகளின் ரசிகர்கள், இலவச டிவியில் தங்கள் சட்டையின் நிறத்தையே மறந்துவிடும் நிலை. அதோடு நல்ல நிலையில் இருக்கும் அணிகளைக் கடைசி நேரத்தில் பொறுக்கிக்கொள்ள வசதியாக, பருவத்தின் பிற்பகுதி ஆட்டங்களின் நாளும் நேரமும் சில வாரங்களுக்கு முன்னால்தான் தெரியவரும். நியூகாசிலிலிருந்து டவுன்ஸ்வில்லுக்கு விமான டிக்கெட் எடுக்கிற ரசிகர் என்ன செய்வார், ஜோசியமா பார்ப்பார்?

மெல்பர்ன் என்றேன் இல்லையா. அந்த ஊர் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் என்கிற வேறொரு ஃபுட்பாலின் தலைநகரம். அங்கே 1998-இல் மெல்பர்ன் ஸ்டார்ம் என்று ஒரு ரக்பி லீக் அணியை நட்டார்கள். அடுத்த வருடமே கோப்பையை வென்றது. ஆனால் சொந்த ஊரில் இலவச டிவியில் அதன் ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பல வருடங்கள் நள்ளிரவுக்கு மேல் விழித்திருக்க வேண்டியிருந்தது. ஒரு விளையாட்டைப் புது ஊரில் வளர்க்க வேண்டும் என்கிறீர்கள்; அந்த ஊர்ப் பத்து வயதுப் பையன் எப்போது பார்ப்பான்? சேனலைக் கேட்டால், இந்த ஊரில் பார்க்க ஆளில்லை என்பார்கள். ஆள் வராததற்குக் காட்டாததும் ஒரு காரணம் என்று ரசிகர்கள் சொல்வார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், அதனால்தான் அந்த வாக்குவாதம் முடியவே இல்லை.

இங்கே ஒரு கேள்வி வரும். சேனலுக்கு நேரலையாகக் காட்ட மனமில்லை என்றால், கட்டணச் சேனலுக்கு அந்த ஆட்டத்தைக் கொடுத்திருக்கலாமே? குறுக்கே நின்றது, ரசிகரைக் காப்பாற்ற வந்த சட்டம். 1992-ஆம் ஆண்டின் ஒளிபரப்புச் சட்டத்தின் கீழ், நாட்டுக்கு முக்கியமான விளையாட்டுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பதை இலவசச் சேனல்களுக்கு வாய்ப்புக் கொடுக்காமல் கட்டணச் சேனல் வாங்கிக்கொண்டு போக முடியாது. ஏழை வீட்டிலும் ஆட்டம் தெரிய வேண்டும் என்பது நோக்கம். இந்தியாவில் 2007-இல் வந்த சட்டம், முக்கியமான ஆட்டங்களின் ஒளிபரப்பை பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ளச் சொல்கிறதே, நோக்கத்தில் அதற்கு இது ஒன்றுவிட்ட அண்ணன். ஆனால் ஆஸ்திரேலியச் சட்டத்தில் ஒரு ஓட்டை: இலவசச் சேனல் வாங்கிக்கொள்ளலாம் என்றதே தவிர, வாங்கினதை நேரலையாகக் காட்டியாக வேண்டும் என்று சொல்லவில்லை. வைக்கோல் போரில் படுத்த நாய் கதைதான்.

கடிகாரம் யார் கையில்

தாமதமாகக் காட்டுவது ஒரு வழி. ஆட்டத்தையே டிவிக்கு ஏற்ற நேரத்துக்கு நகர்த்திவிடுவது இன்னொரு வழி, நாளடைவில் அதுதான் பெரிதானது. இறுதி ஆட்டம் தலைமுறை தலைமுறையாகப் பகலில் நடந்தது. 2001-இல் முதல் தடவையாக இரவுக்குப் போனது. பாரமட்டாவும் நியூகாசிலும் மோதிய ஆட்டம். ஜெயிக்கும் என்று எல்லோரும் நினைத்த பாரமட்டா, இடைவேளையில் 24-0 என்று பின்தங்கி, கடைசியில் 30-24 என்று தோற்றது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்தத் தோல்வியின் பழியைப் பாதி அணி மீதும் பாதி இரவு நேரத்தின் மீதும் போடுவார். "பகலில் ஆடியிருந்தால் பனி இறங்கியிருக்காது, பந்து வழுக்கியிருக்காது." அன்றைக்குப் பனி இறங்கியதா என்று நான் கேட்டதில்லை. கேட்கிற தைரியம் இல்லை.

2008 முதல் 2012 வரை ஐந்து மணி வாக்கில் வைத்துப் பார்த்தார்கள். 2013-இல் மறுபடி இரவுக்கே போனது, இன்றுவரை அப்படித்தான். ஞாயிறு இரவு, மறுநாள் நியூ சவுத் வேல்ஸில் விடுமுறை என்பதால் அங்கே சமாளித்துவிடுகிறார்கள். ஸ்டேட் ஆஃப் ஆரிஜினுக்கு அந்தச் சலுகையும் இல்லை. 1980-இல் தொடங்கிய, குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் மோதிக்கொள்ளும் இந்தத் தொடர்தான் ரக்பி லீக்கின் உச்சம். நாட்டிலேயே அதிகம் பேர் பார்க்கும் நிகழ்ச்சிகளில் வருடா வருடம் இதற்கு இடம் உண்டு. புதன்கிழமை இரவு, எட்டு மணி தாண்டித்தான் முதல் உதை. அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கோட் போட்டவர்கள் புல்தரையில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். முடியும்போது பத்தாகிவிடும். மறுநாள் பள்ளிக்கூடம். எந்த ஆட்டத்தைப் பார்த்துக் குழந்தைகள் இந்த விளையாட்டில் விழ வேண்டுமோ, அதன் இரண்டாம் பாதியில் பாதிக் குழந்தைகள் தூங்கிப்போயிருக்கும்.

கட்டணச் சேனலும் சளைத்ததில்லை. 2007 முதல் 2016 வரை திங்கள் இரவு ஆட்டம் என்று ஒன்று நடந்தது. அதற்கடுத்து வந்தது வெள்ளி மாலை ஆறு மணி ஆட்டம். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு சிட்னிக்காரர் எங்கே இருப்பார் என்று கேட்டால், எம்4 நெடுஞ்சாலையில் முன்னால் நிற்கிற காரின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு இருப்பார். மைதானத்தில் காலி இருக்கைகள் தெரியாமல் கேமராவைத் தாழ்த்திப் பிடிப்பார்கள்.

காதுக்கு வருகிற கோபம்

நேரம் ஒரு பக்கம் இருக்கட்டும். வாரா வாரம் புதுசாகப் பிறக்கிற கோபம் வர்ணனை பற்றியது. ரே வாரன் என்று ஒருவர் இருந்தார். ஆரிஜின் ஆட்டங்கள் மட்டுமே 99 வர்ணித்துவிட்டு, நூறை எட்டாமலே 2022-இல் ஓய்வை அறிவித்தார். அவர் குரல் ஏறினால் சமையலறையில் இருப்பவர் கூடக் கரண்டியோடு ஓடி வருவார். அந்தத் தரத்தை வைத்துக்கொண்டு மற்றவர்களை அளந்தால் யாரும் தேறமாட்டார்கள், அது ஓரளவு அநியாயம்தான். ஆனாலும் குறை நிஜம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பழைய வீரர்கள், ஒருவருக்கொருவர் பட்டப் பெயர் வைத்துக் கூப்பிடுகிற கூட்டாளிகள். திரையில் ஒரு தடுப்பு வரிசை எப்படி உடைந்தது என்று சொல்ல வேண்டிய இடத்தில், நேற்று ஹோட்டலில் நடந்த கதை ஓடிக்கொண்டிருக்கும். புதிதாகப் பார்க்கிறவருக்கு இது பெரிய தடை. நான் ஆறு டேக்கிள் விதியையே டிவி பார்த்துக் கற்கவில்லை, வேலிக்கு அந்தப்பக்கமிருந்து பெரியவர் சொல்லிக் கற்றேன்.

அப்புறம் பாரபட்சம். குயின்ஸ்லாந்துக்காரர்கள் வர்ணனை சிட்னி பக்கம் சாய்கிறது என்பார்கள், சிட்னிக்காரர்கள் அதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள். இதில் பெரும்பகுதி ரசிகரின் காது செய்கிற வேலை. ஆனால் எல்லாமே காதின் குற்றம் என்று தள்ளிவிடவும் முடியாது. சேனல் நைனின் முக்கிய வர்ணனையாளர் ஃபில் கூல்ட், 2021-இல் கேன்டர்பரி புல்டாக்ஸ் கிளப்பின் ஃபுட்பால் பொது மேலாளராகவும் ஆனார். ஒரு கிளப்பை நடத்துகிறவரே லீக்கின் முடிவுகளையும் நடுவரையும் பற்றி டிவியில் கருத்துச் சொல்கிறார். அவர் விவரமானவர் என்பதில் சந்தேகமில்லை, விளையாட்டை அவரளவுக்குப் பிரித்து மேய்கிறவர்கள் குறைவு. ஆனாலும் கேட்கிறவன் மனசில் ஒரு தராசு தொங்கத்தானே செய்யும்?

எல்லை மீறிப்போனது 2013-இல். பந்தய நிறுவனம் நடத்திக்கொண்டிருந்த டாம் வாட்டர்ஹவுஸ், விளம்பரத்தில் வருவதோடு நிற்காமல், சேனல் நைனின் ரக்பி லீக் ஒளிபரப்பிலேயே கருத்துச் சொல்பவரைப் போலத் தோன்ற ஆரம்பித்தார். யார் ஜெயிப்பார்கள் என்று அலசுகிறவரும், யார் ஜெயிப்பார்கள் என்று பணம் கட்டச் சொல்கிறவரும் ஒரே ஆள். வீட்டில் பிள்ளைகள் இரு அணிகளின் பந்தய விகிதத்தை மனப்பாடமாகச் சொல்கிறார்கள் என்று பெற்றோர் கொதித்தார்கள். விஷயம் நாடாளுமன்றம் வரை போனது. அந்த வருடம் மே மாதத்தில் அன்றைய பிரதமர் ஜூலியா கில்லார்ட், ஆட்டத்தின்போது பந்தய விகிதங்களை விளம்பரப்படுத்துவதற்குக் கட்டுப்பாடு வரும் என்று அறிவித்தார். 2018-இல் இன்னும் இறுக்கி, நேரலை ஆட்டங்களின்போது இரவு எட்டரை வரை பந்தய விளம்பரமே கூடாது என்றார்கள். எட்டரைக்கு மேல் போடலாம். வெள்ளி இரவு எட்டு மணி ஆட்டத்தில் எட்டரை எப்போது வரும் என்று நான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

டிவிக்காக உடைந்த விளையாட்டு

இத்தனையும் சில்லறை எரிச்சல் என்று ஒருவர் சொல்லலாம். ரக்பி லீக்காரர்களுக்கு அப்படித் தோன்றாததற்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது. 1990-களின் நடுவில் ஆஸ்திரேலியாவுக்குக் கட்டணச் சேனல் வந்தபோது, சந்தா கட்ட வைக்க ஒரு தூண்டில் தேவைப்பட்டது. ரூபர்ட் மர்டாக்கின் நியூஸ் நிறுவனம் ஒரு பக்கம், சேனல் நைனின் முதலாளி கெரி பேக்கரும் தொலைபேசி நிறுவனமான ஆப்டஸும் பழைய லீக்கும் இன்னொரு பக்கம். 1995-இல் வீரர்களையும் கிளப்புகளையும் பெட்டிப் பெட்டியாகப் பணம் கொடுத்து இழுத்தார்கள். 1997-இல் ஒரே நாட்டில் இரண்டு தனித்தனி லீக்குகள், இரண்டு கோப்பைகள். அடுத்த வருடம் சமரசம் செய்து ஒட்டியதுதான் இன்றைய என்.ஆர்.எல். ஒட்டும்போது 14 அணிகளுக்குத்தான் இடம் என்று முடிவு. அதனால் 1999-உடன் வெளியே தள்ளப்பட்டவற்றில் ஒன்று, 1908 முதல் ஆடிவந்த சவுத் சிட்னி. 1967-இல் நேரலையில் காட்டப்பட்ட அந்த முதல் இறுதி ஆட்டத்தை வென்றார்களே, அவர்களேதான்.

அவர்கள் சும்மா போகவில்லை. 2000 நவம்பரில் சிட்னி வீதிகளில் சுமார் 80,000 பேர் சிவப்பும் பச்சையுமாக ஊர்வலம் போனார்கள். நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2002-இல் அணி திரும்பி வந்தது, 2014-இல் கோப்பையும் வென்றது. வடக்கு சிட்னி பேர்ஸ் போன்ற பழைய அணிகளுக்கு அப்போது அந்த அதிர்ஷ்டம் அமையவில்லை. தன் அணியே டிவிச் சண்டையில் காணாமல் போகும் என்று ஒரு முறை பார்த்துவிட்ட ரசிகர், அதற்குப் பிறகு ஒளிபரப்பு நேரத்தில் கை வைத்தாலே சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

2020-இல் இந்த உறவு திரை இல்லாமல் தெரிந்தது. கொரோனாவால் மார்ச்சில் போட்டிகள் நின்றன. ஒளிபரப்புப் பணம் வராவிட்டால் கிளப்புகள் மூழ்கிவிடும் என்பது சில நாட்களிலேயே வெளியே வந்தது. லீக் பணத்தை ஒழுங்காகக் கையாளவில்லை என்று சேனல் நைன் பகிரங்கமாகவே சாடியது. லீக்கின் தலைமை நிர்வாகி டாட் கிரீன்பர்க் ஏப்ரலில் பதவி விலகினார். மே 28-ஆம் தேதி பிரிஸ்பேனின் சன்கார்ப் மைதானத்தில் ஒரு ரசிகர் கூட இல்லாமல் ஆட்டம் மறுபடி தொடங்கியது. பாரமட்டா 34-6 என்று பிராங்கோஸைப் புரட்டிப்போட்டது. காலி மைதானம் கண்ணை உறுத்தும் என்று டிவியில் பதிவு செய்த ஆரவாரத்தை ஓடவிட்டார்கள். பிறகு ரசிகர்கள் தங்கள் புகைப்படத்தைக் கொடுத்துப் பணமும் கட்டினால், அட்டையில் வெட்டி இருக்கையில் வைக்கிற ஏற்பாடும் வந்தது. ரசிகர் வீட்டில், அவருடைய அட்டை மைதானத்தில், அவருடைய கைத்தட்டல் கணினியில். ஆட்டம் எந்தக் குறையும் இல்லாமல் நடந்தது.

இப்போது பார்க்க வேண்டுமென்றால்

நிலைமை அப்போதைக்கு இப்போது எவ்வளவோ தேவலை. அடுத்தடுத்த ஒப்பந்தங்களில் தாமத ஒளிபரப்பு ஒழிந்துவிட்டது. வழக்கமாக ஒரு சுற்றில் எட்டு ஆட்டம். அதில் வியாழன் இரவு, வெள்ளி இரவு, ஞாயிறு நான்கு மணி என மூன்று சேனல் நைனில் நேரலையாக வரும். ஆரிஜினும் இறுதி ஆட்டமும் அங்கேதான். மற்ற வார ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஃபாக்ஸ்டெல் என்கிற கட்டண டிவிக்கோ கயோ என்கிற இணையச் சேவைக்கோ சந்தா கட்ட வேண்டும். ஞாயிறு ஆட்டம் நான்கு மணிக்கே நிஜமாகத் தொடங்கி, ஆறு மணிச் செய்திக்கு முன்னால் முடிகிறது. செய்தி அசையவில்லை, ஆட்டம்தான் ஒரு மணி நேரம் நகர்ந்து வந்திருக்கிறது.

முதன்முதலாகப் பார்ப்பவர் ஒரு ஞாயிறு ஆட்டத்தில் தொடங்கலாம். டிவி வர்ணனை ஒத்துவரவில்லை என்றால் சத்தத்தை அணைத்துவிட்டு ரேடியோ வர்ணனையைப் போட்டுக்கொள்வது இங்கே பழைய வழக்கம். ரேடியோக்காரருக்குப் படம் காட்டி ஒப்பேற்ற முடியாது, பந்து யார் கையில் இருக்கிறது என்று சொல்லியே தீர வேண்டும். புதியவருக்கு அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. ஒரே சிக்கல், வானொலிப் பெட்டியில் கேட்டால் டிவிக்குச் சில நொடி முன்னால் ஓடும், ட்ரை விழுவதற்கு முன்பே கூச்சல் வந்துவிடும். கைப்பேசிச் செயலியில் கேட்டால் தலைகீழ்: ரேடியோ அரை நிமிடம் வரை பின்தங்கும். அப்போது முதல் உதையில் டிவியை நிறுத்திவைத்து, ரேடியோவில் அதே உதையின் சத்தம் வந்ததும் மறுபடி ஓடவிடுங்கள். பக்கத்து வீட்டு அம்மா இப்போது அப்படித்தான் பார்க்கிறார். பெரியவர் போனபிறகு கராஜிலிருந்த ரேடியோ எங்கே போயிற்று என்று தெரியவில்லை என்றார், அதனால் கைப்பேசிதான். முப்பது நொடி தாமதம் தனக்கு ஒரு பொருட்டே இல்லையாம்.